மூஞ்சி வந்துச்சா?

என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் என் தலையை மோந்து பார்த்த ஒரே மனுஷி அவள்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஷெட் வாசலில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். வேலைக்குப் போகிற பெண்ணாயிற்றே என்று அம்மா தலை வழிய எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, மல்லிகைப்பூ வைத்து, கழுத்து வரைக்கும் பவுடர் அடித்து அனுப்பியிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட என்னை அவ்வளவு ஜோடித்ததில்லை. வாசலில் நின்றிருந்த ஒரு அக்கா என் தோளைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். உச்சந்தலைக்கு மூக்கைக் கொண்டுவந்து நன்றாக இழுத்தாள்.

“கண்ணாடி பண்ண வந்தியா, கொழம்பு தாளிக்க வந்தியா?” என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கு நான் ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் அட்டைப்பெட்டி மடித்தேன். முதல் நாளே துரத்திவிட்டார்கள் என்று நினைத்து அழுதேன். செக்யூரிட்டி அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, இது இங்கே எல்லாரும் படுகிற பாடுதான், இதற்கு மரத்தடி டியூட்டி என்று பெயர், நாளைக்குத் தலையை நன்றாக அலசிவிட்டு வா என்று தேற்றினார். என் மல்லிகைப்பூவை அவருடைய மேஜையில் இருந்த சாமி படத்துக்குப் போட்டேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள். அவள் நேரே புறப்பட்டு வந்து என் தலையை மோந்து பார்ப்பாள். இப்போது நான் அந்த வேலையில் இல்லை. தினமும் எண்ணெய் வைக்கிறேன். எதற்கு வம்பு?

அவளுடைய மோப்பத்தில் ஒரு நாள் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் ஊசலாடியது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் எண்ணெய்க்கும் எங்களுக்கும் என்ன பகை என்று சொல்லாவிட்டால், இவள் என்ன கிறுக்கச்சியா என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். பாதி கிறுக்கச்சிதான், மறுக்கவில்லை. மீதியையும் கேளுங்கள்.

நாங்கள் செய்தது கண்ணாடியே இல்லாத கண்ணாடி. பிளாஸ்டிக் தகட்டைக் கழுவி, வார்னிஷ் மாதிரி ஒரு பாலிமர் பூச்சு அடித்து, ஓவனில் காய வைப்போம். அதன் மேல் வெள்ளித் துகள் கலந்த திரவத்தை ஸ்ப்ரே செய்வோம். கண்ணுக்குத் தெரியாத துகள். டப்பாவைத் திறந்து பார்த்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்றுதான் சொல்வீர்கள். இதிலா கண்ணாடி வரும் என்று நானும் முதலில் சிரித்தேன். அடித்த உடனே தகடு சாம்பல் பூசியது மாதிரி மங்கிக் கிடக்கும். ஈரம் உலர உலர, துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அப்போது அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து நம் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். முதலில் மூக்கு, அப்புறம் நெற்றி, கடைசியில் கண். நான் அங்கே இருந்த வரைக்கும் அதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. அது வந்த பிறகு அதன் மேல் பாதுகாப்புக்கு இன்னொரு பாலிமர் பூச்சு அடிப்போம்.

சூப்பர்வைசர்கள் இதற்கு இங்கிலீஷில் என்னவோ சொல்வார்கள். எங்களுக்கு அது மூஞ்சி வருவது. அக்கா ஸ்ப்ரே பூத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள். “மூஞ்சி வந்துச்சா?” வந்திருந்தால் வந்துச்சுக்கா என்போம். நாள் முழுக்க இதுதான் பேச்சு.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அக்காவும் நானும் ஷேர் ஆட்டோவில் சோழவரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஷெட்டிலிருந்து போன் வந்தது. அக்கா காதில் வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, “இன்னும் மூஞ்சி வரலயா? அப்ப அது தேறாது. தூக்கிக் குப்பையில போட்டுட்டு வேற ஒண்ணு ரெடி பண்ணு” என்றாள். எதிரே மடியில் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அதை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கியும் போய்விட்டாள். அக்காவுக்குக் கடைசி வரைக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்தம்மாவுக்கு ஏதோ அவசரம் பாவம் என்றாள்.

எண்ணெய்க்கு வருகிறேன். பூச்சு அடிக்கிற இடத்தில் எண்ணெய் பட்டுவிட்டால் தீர்ந்தது கதை. பூச்சு அந்தப் புள்ளியை விட்டு விலகி ஓடும். நடுவில் சின்னக் குழி, சுற்றிலும் ஒரு வட்டம். பார்க்க மீன் கண் மாதிரி முழிக்கும். எங்கள் பாஷையில் மீன்கண்ணு. அது விழுந்தால் தகடு குப்பைக்குத்தான். பார்த்தாலே தெரிகிற அளவுக்கு எண்ணெய் வேண்டாம். தலையைச் சொறிந்த விரல் போதும். தலைமுடிக் கிரீம், முகத்துக்குப் போடும் கிரீம், மதியம் சாப்பிட்ட அப்பளம், எல்லாமே எதிரி.

அதனால் அக்கா வாசலில் நிற்பாள். முதலில் மூக்கு. மூக்குக்குச் சந்தேகம் வந்தால் டிஷ்யூ பேப்பர். அதை நம் வகிட்டில் வைத்து அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஊடுருவித் தெரிந்தால் மரத்தடி. தெரியாவிட்டால் பாஸ். இந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவள் ஸ்ப்ரே அடிக்கிறவள். அடித்த தகடுகள் வீணாய்ப் போவதைப் பார்த்து வயிறெரிந்து தானாகவே வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். அப்புறம் அவளை அங்கிருந்து நகர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவளுடைய தலையைப் பார்க்க வேண்டுமே! தேங்காய் நார்தான். எண்ணெய் பட்டு எத்தனையோ வருஷம் ஆனது. ஷாம்பூவைக்கூட நம்ப மாட்டாள், அதிலும் என்னவோ வழவழப்பு இருக்கிறதாம். பாத்திரம் தேய்க்கிற சோப்பில்தான் தலைக்குக் குளிப்பாள். பக்கத்தில் வந்தாலே எலுமிச்சை வாசம் அடிக்கும். கழுவிக் கவிழ்த்த குண்டானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

இப்பேர்ப்பட்டவளுக்குப் புருஷன் என்ன தொழில் என்று நினைக்கிறீர்கள்? கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் பஜ்ஜிக் கடை. கடவுளுக்கும் குசும்பு உண்டு. அந்த மனுஷன் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தால் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அவர் சட்டைக்குத் தனிக் கொடி, தனி வாளி. கடை பஜ்ஜி எப்படி இருக்கும் என்று அக்காவிடம் கேட்டால், “எனுக்கு இன்னாடி தெரியும், வாங்கித் துன்னவங்களக் கேளு” என்பாள். அவரிடம் ஒரு தடவை, எப்படிண்ணா சமாளிக்கிறீங்க என்று கேட்டேன். கரண்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார். “அவ மோந்து பாத்துட்டு உள்ள உட்டா, அன்னிக்கி நான் மனுசன்னு அர்த்தம்மா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

என் கல்யாணத்துக்கும் வந்தாள். நலங்கு வைக்கும்போது வரிசையாகப் பெண்கள் வந்து அருகம்புல்லால் எண்ணெய் தொட்டு என் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முறை வந்தது. அருகம்புல்லை எடுத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. பின்னால் இருந்த என் பெரியம்மா, ஆகட்டும்மா நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள். அக்கா குனிந்து என் உச்சந்தலையை ஒரு இழுப்பு இழுத்து, “இன்னிக்கி மட்டும்தான்” என்று காதோரம் சொல்லிவிட்டு, எண்ணெயைத் தொடாமல் மஞ்சளை மட்டும் கன்னத்தில் தடவிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வீட்டார் அது ஏதோ எங்கள் பக்கத்துச் சடங்கு என்று நினைத்தார்கள். அவர்கள் வீட்டு அத்தை ஒருத்தி வந்து தானும் என் தலையை மோந்துவிட்டுப் போனாள்.

ஆனால் தீபாவளிக் கதையை மிஞ்சி எதுவும் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் வேலை உண்டு என்று அறிவிப்பு வந்த உடனே அக்கா ஒவ்வொருத்தியாகப் பிடித்து எச்சரித்தாள். இந்த வருஷம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, வெறும் சீயக்காய்தான், சாமி கேட்டால் என் பெயரைச் சொல்லு என்றாள். யார் கேட்பது? வீட்டில் அம்மாவும் மாமியாரும் விடுவார்களா? மறுநாள் காலை வேன் வந்து நின்றது. இறங்கிய எங்கள் எல்லோர் மேலும் நல்லெண்ணெய் வாசம். அக்கா கையை மட்டும் மரத்தடிப் பக்கம் நீட்டினாள். நாங்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்தோம். அடுத்த வேனும் வந்தது, அதுவும் மரத்தடிக்கு. கொஞ்ச நேரத்தில் முதலாளி ஸ்வீட் பாக்ஸோடு காரில் வந்து இறங்கினார். ஷெட் காலி. ஜனமெல்லாம் புங்க மரத்தடியில். ஸ்ட்ரைக்கு என்று நினைத்து மனுஷர் வெலவெலத்துப்போனார். அக்கா அவர் கிட்டே போனாள், எம்பி நின்று மோந்தாள்.

“மொதலாளி, நீயும் போய்க் குந்து. உள்ள வராத” என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவரும் போய் உட்கார்ந்தார். மதியம் வரைக்கும் எங்களோடு அட்டைப்பெட்டி மடித்தார். அவர் மடித்த பெட்டி ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து தீபாவளிக்குக் கூடுதலாக லீவு விட்டுவிட்டார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் உங்களுக்கு மட்டும் என்ன லீவு என்று பொறாமையோடு கேட்பார்கள். எண்ணெய் லீவு என்போம். அவர்களுக்குப் புரியாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அதுவரைக்கும் நாங்கள் பெரும்பாலும் கிரிக்கெட் போட்டிக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் கோப்பைகளுக்கும் சென்ட் பாட்டில் மூடிகளுக்கும்தான் பூச்சு அடித்துக்கொண்டிருந்தோம். அதெல்லாம் சீசன் வேலை. ஆறு மாசம் தலை தூக்க முடியாது, ஆறு மாசம் ஈ ஓட்டுவோம். ஒரு நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உடைத்துச் சொல்லிவிட்டார். லாரிகளுக்கு உடையாத பக்கக் கண்ணாடி செய்கிற ஒரு கம்பெனி நம்மிடம் பூச்சு வேலை கொடுக்க யோசிக்கிறது. அவர்களுடைய ஆள் வந்து, நம் ஷெட்டில், தன் கண் முன்னால் தகடு அடிக்கச் சொல்லிப் பார்ப்பார். பிடித்திருந்தால் வருஷம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் இரண்டாவது லைனை மூடிவிடுவதைத் தவிர தனக்கு வழியில்லை என்றார்.

இரண்டாவது லைன் என்றால் நாங்கள்தான். சோழவரம் வேனில் வருகிற பெண்கள் மொத்தமும். கல்யாணமான புதிது. வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார் என்ற பேச்சு மாமியார் வீட்டில் கிளம்பி ஒருவழியாக அடங்கியிருந்தது. கம்பெனியே அனுப்பிவிட்டது என்றால் மறுபடி ஒரு வேலைக்கு என்னை விட மாட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சாம்பலுக்குள்ளிருந்து முகம் வருவதைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? அக்காவுக்கு இன்னொரு பயம். வேனில் வருகிறவர்களில் பாதிப் பேரை வீடு வீடாகப் போய்ப் பேசி, அப்பன்களையும் அண்ணன்களையும் சரிக்கட்டி, வேலைக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். “திருப்பிக் கொண்டாந்து உடறதுக்கா இட்டுக்கினு வந்தேன்?” என்று அந்த வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் முழுவதும் புருஷனைக் கடையிலேயே படுக்கச் சொல்லிவிட்டாள். அவரும் போய்ப் படுத்தார்.

அந்த ஆள் வருகிற நாள் காலை எங்கள் வேனிலேயே வந்த அக்கா, நெடுஞ்சாலையில் ஒரு அம்மன் கோயில் பக்கத்தில் வேனை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் இறங்கினோம். கோயில் வாசலிலேயே உத்தரவு போட்டாள். கும்பிடலாம், எதையும் தொடக்கூடாது. குங்குமம் வேண்டாம், பூ வேண்டாம், விளக்குப் பக்கமே போகக்கூடாது. உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நானே ஒரு விளக்கு போட்டுவிடுகிறேன் என்றாள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றோம். அவள் அகலில் எண்ணெய் ஊற்றி, திரியை நனைத்து நிமிண்டி, ஏற்றினாள். கண்ணை மூடி உதட்டை அசைத்து ரொம்ப நேரம் வேண்டினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து வேனில் ஏறினாள். ஷெட் வாசலில் வழக்கம்போல எல்லோர் தலையையும் மோந்தாள். எல்லோரும் பாஸ்.

வந்த அதிகாரி நல்ல மாதிரி. அதிகம் பேசாதவர். சுத்த வழுக்கை. முதலாளி அவருக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டே நடந்தார். அக்கா குல்லா மாட்டி, கையுறை போட்டு, துணியால் தகட்டைத் துடைத்துவிட்டு அடித்தாள். படபடப்பு வந்தால் காதோரம் குல்லாவைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொள்வது அவள் பழக்கம். அன்றைக்கு ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தாள். தகடு சாம்பலாய்க் கிடந்தது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி நின்றோம். முகம் வர ஆரம்பித்தது. கூடவே அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று மீன்கண்ணும் முழிக்க ஆரம்பித்தது.

அடுத்த தகடு அடித்தாள். அதிலும் மீன்கண்ணு. இன்னும் கூடுதலாகவே.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதற்குப் பிறகு ஒரு தகடு மட்டும் பார்ப்பேன் என்றார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“தலையில கை வெக்காத மொதலாளி!” என்று அக்கா கத்தினாள். அவர் கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

அப்புறம் தேடல் ஆரம்பித்தது. கம்ப்ரெஸரிலிருந்து எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தோம். பில்டர் சுத்தம். துணியை மாற்றினோம். பாலிமர் டப்பாவை மாற்றினோம். முதலாளி பதற்றத்தில், கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு தேடுங்கள் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய் நின்றுகொண்டார். மறுபடி எங்கள் தலைகள். ஒவ்வொன்றாக மோந்தாள், டிஷ்யூ வைத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாம் சுத்தம். யாரோ ஒருத்தி தயங்கித் தயங்கி, பஜ்ஜி… என்று இழுத்தாள். அக்கா கோபிக்கவில்லை. ஒரு வாரமாக அந்த மனுஷன் மூஞ்சியைக்கூடப் பார்க்கவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மிப்போயிற்று.

சாப்பிட்டுவிட்டு அதிகாரி உள்ளே வந்தார். அக்கா நேரே அவரிடம் போனாள். நாங்கள் பதறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எம்பி, அவருடைய வழுக்கையை மோந்தாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு முடியே இல்லம்மா” என்றார் அதிகாரி.

“முடி இல்லாட்டி இன்னா சார், வெக்கிறவங்க வச்சிக்கினுதான் கீறாங்க” என்றாள் அக்கா. டிஷ்யூவையும் வைத்துப் பார்த்தாள். சுத்தம்.

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே கேட்டார். “எல்லார் தலையையும் நீங்க பாத்துட்டீங்க. உங்க தலைய யாரு பாத்தது?”

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி எங்கள் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. அக்காவின் தலையில் எண்ணெயா? சூரியனில் ஈரம் இருக்கிறதா என்று கேட்பதுபோல இருந்தது. அக்கா குல்லாவைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து குனிந்தாள்.

“நீ பாரு பாப்பா.”

நான் மோந்து பார்த்தேன். பாத்திர சோப்பு வாசம்தான் வந்தது. நிம்மதியோடு நிமிரப்போனேன். அப்போது காதுக்கு மேலே, பக்கவாட்டில், வேறு ஒரு வாசம். நல்லெண்ணெய். கூடவே லேசாகக் கற்பூரம். டிஷ்யூவை அங்கே வைத்து எடுத்தேன். வெளிச்சத்தில் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. அக்காதான் என் கையிலிருந்து வாங்கித் தூக்கிப் பிடித்தாள். விரல் விரலாக, நீள நீளமாக, பேப்பர் ஊடுருவித் தெரிந்தது. குல்லாவைத் தள்ளிய கையுறை வழியாக அதுதான் தகட்டுக்குப் போயிருக்கிறது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோயிலில் திரியை நிமிண்டிய பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாளே, எதில் துடைத்தாள்? நம் வீட்டுப் பெண்கள் விளக்கேற்றிய கையை எதில் துடைப்பார்கள்? என் அம்மா எதில் துடைப்பாள்? நான் எதில் துடைப்பேன்? அத்தனை பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். ஒருத்திக்கும் அது கண்ணில் படவில்லை. ஏனென்றால் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கை தானாகத் தலைக்குப் போகும், அவ்வளவுதான்.

“அந்த வெளக்கு” என்றாள் அக்கா. அவள் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை. “ஒங்களுக்கோசரம்தான்டி ஏத்துனேன். கை அதுபாட்டுக்குப் போயிடுச்சி.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையுறையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கதவைப் பார்த்து நடந்தாள். முதலாளி பின்னாலேயே ஓடினார். தலையைக் கழுவிவிட்டு வா, அல்லது ரெண்டு குல்லா போட்டுக்கொள், நீ இல்லாமல் யார் அடிப்பது என்று கெஞ்சினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

“மொதலாளியையே குந்த வச்ச மரம் அது. எனுக்கு மட்டும் வேற ரூலா? பாப்பா அடிப்பா.”

பாப்பா என்றால் நான். அக்கா லீவு போட்ட நாட்களில் நான்தான் கோப்பைகளுக்கு அடிப்பேன். கோப்பையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஜெயித்தவன் தூக்கி முத்தம் கொடுத்துவிடுவான். இது அப்படியா? கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். புதுக் கையுறை, புதுத் துணி. தலையைத் தொடாதே தொடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதில் உச்சந்தலை அரிக்க ஆரம்பித்தது. அந்த அரிப்பை என் எதிரிக்குக்கூட விரும்ப மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்தேன்.

தகடு சாம்பலாய்க் கிடந்தது.

வெளியே மரத்தடியிலிருந்து குரல் வந்தது. “மூஞ்சி வந்துச்சா?”

வரவில்லையே, என்ன சொல்வது? வெளியே அட்டைப்பெட்டி மடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

“அடியே, மூஞ்சி வந்துச்சாடி?”

சாம்பலில் முதலில் என் மூக்கு வந்தது. நெற்றி வந்தது. என் தோளுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை பளபளவென்று வந்தது. கடைசியில் என் கண் வந்தது. நான் அந்தக் கண்ணை விட்டுவிட்டு வேறு கண்களைத் தேடினேன். ஓரம், நடு, மூலை எல்லா இடத்திலும் தேடினேன். ஒரு மீன்கண்ணுகூட இல்லை.

“வந்துடுச்சிக்கா!” என்று நான் போட்ட கூச்சலில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

மேல் பூச்சும் அடித்து, ஓவனில் காய்ந்து வந்த பிறகு அவர் அதில் டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிய்த்துப் பார்த்தார். டேப்பில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இதையே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னார். அவர் பேக் செய்யச் சொல்வதற்குள் நான் தகட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

அக்கா எழுந்து நின்றாள். “அங்கயே நில்லு! கிட்ட வராத. என் தலையில எண்ணெ கீது.”

நான் வெயிலிலேயே நின்றேன். தகட்டை அவள் பக்கம் திருப்பினேன். சாயங்கால வெயில் அதில் பட்டுத் துள்ளி, மர நிழலுக்குள் போய், நேரே அவள் முகத்தில் விழுந்தது. அந்தப் பரட்டைத் தலை, காதோரம் மினுக்கிய எண்ணெய், ஈரமான கன்னம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண் கூசுதுடி, திருப்புடி என்று திட்டினாள். திட்டினாளே தவிர முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நானும் தகட்டைத் திருப்பவில்லை.

ஆர்டர் வந்தது. இரண்டாவது லைன் ஓடியது. நான் அதற்குப் பிறகும் சில வருஷம் அங்கேதான் இருந்தேன். இந்தப் பக்கம் போகிற லாரிகளில் சிலவற்றின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தால், இது எங்கள் ஷெட்டில் முகம் வந்ததோ என்று இப்போதும் எட்டிப் பார்ப்பேன்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு மறுநாள் காலைதான். வேன் வந்து நின்றது. நாங்கள் இறங்கினோம். அக்கா வழக்கம்போல வாசலில் நின்றிருந்தாள். நான் குனிந்து தலையைக் காட்டினேன். அவள் மோந்து பார்க்கவில்லை. குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் தன் தலையைக் குனிந்தாள்.

“மொதல்ல என்னுது பாரு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டு, மேலே, பின்னால், ரெண்டு காதோரமும் நிதானமாக மோந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசம்.

“பாஸ்க்கா” என்றேன்.